வெட்டுக்கிளிக்கு எந்த முகம்? செஸ் வேரியன்ட் காய்களுக்கு ஐகான் சேர்ப்பதும் வரைவதும்

கேள்வி: "பத்துக்கு எட்டுப் பலகையில் ஆடும் ஒரு செஸ் வேரியன்ட் (மாற்றுச் சதுரங்கம்) செய்திருக்கிறேன். வழக்கமான காய்கள் எல்லாம் உண்டு. கூடவே யானையும் குதிரையும் சேர்ந்த ஒரு காய், மந்திரியும் குதிரையும் சேர்ந்த ஒரு காய், ஒரு ஒட்டகம், ஒரு வெட்டுக்கிளி. இவற்றுக்கு ஐகான் எங்கே கிடைக்கும்? கிடைக்காததை நானே வரைய முடியுமா?"

முடியும். ஆனால் தேட ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். உங்கள் நான்கு காய்களில் முதல் இரண்டை நகர்வால் சொல்லியிருக்கிறீர்கள், அடுத்த இரண்டைப் பெயரால். முதல் இரண்டும் படித்தவுடன் புரிந்துவிட்டன. ஒட்டகத்தில் நின்றுவிட்டேன். ஒரு பக்கம் ஒரு கட்டம், அதற்குக் குறுக்கே மூன்று கட்டம் என்று குதிரையைவிட நீளமாகத் தாவும் காயைச் சொல்கிறீர்களா? இல்லை, இந்தி பேசுபவர்கள் நம் மந்திரியையே 'ஊன்ட்' என்று ஒட்டகமாக்கிச் சொல்கிறார்களே, அதுவா? உங்கள் பலகையில் மந்திரி ஏற்கெனவே இருப்பதால் முதலாவதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தத் தடுமாற்றம்தான் ஐகான் வேலையில் பாதித் தலைவலி. பத்து வருடத்துக்கு மேலாக நான் இவற்றைச் சேர்த்து வருகிறேன். ஆரம்பத்தில் ஒட்டகம், ஒட்டகச்சிவிங்கி, யூனிகார்ன் என்று பெயர் பெயராக ஃபோல்டர் போட்டேன். கொஞ்ச நாளில் எது எந்த ஆட்டத்துக்கு என்று எனக்கே தெரியாமல் போனது. பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது, ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. அதனால் இப்போது நகர்வை வைத்துத்தான் சேர்க்கிறேன், வரையும்போதும் நகர்வைத்தான் முதலில் நினைக்கிறேன்.

பெயரும் படமும் ஒன்றையொன்று எப்படி ஏமாற்றும் என்று பார்க்க விநோத ஆட்டங்களுக்குப் போகவே வேண்டாம். பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் ஆடிய ஷத்ரஞ்ச் ஆட்டத்தில் மந்திரியின் இடத்தில் நின்றது யானை. அல்-ஃபில் என்று பெயர். அங்கே பரவலாகப் புழங்கிய காய்களில் மனித, விலங்கு உருவம் கிடையாது. உருண்டையான ஒரு கட்டை, உச்சியில் இரண்டு முண்டுகள், அவ்வளவுதான். முண்டுகள் இரண்டும் தந்தங்கள். காய் ஐரோப்பாவுக்குப் போனதும், யானையைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அந்த இரட்டை முண்டை அவரவருக்குத் தோன்றியபடி படித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயருக்கு அது நடுவில் பிளந்த பிஷப் தொப்பி. பிரெஞ்சுக்காரர்களுக்கு அரசவைக் கோமாளியின் குல்லாய். இது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இன்றும் பிரெஞ்சில் அந்தக் காய் 'ஃபூ', அதாவது கோமாளி. ஜெர்மன்காரர்களுக்கு அது ஓடுபவன். ரஷ்யர்கள் இன்னும் யானை என்றே சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் பலகையில் நிற்பதும் யானை உருவம் இல்லை.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? மூலையில் நிற்பது பார்வைக்குக் கோட்டைக் கொத்தளம். நாம் அதை யானை என்கிறோம். ரஷ்யர்களுக்கும் வங்காளிகளுக்கும் அதே காய் படகு. படம் ஒன்று, பெயர் இரண்டு, இருந்தும் யாரும் குழம்புவதில்லை. கொத்தள வடிவத்தைப் பார்த்தவுடன் 'நேர்கோட்டில் ஓடும்' என்று கண்ணுக்குப் பழகிவிட்டது, அதனால்தான். உங்கள் ஐகானும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்க வேண்டும்.

இதில் தமிழ் ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் யாசர் செய்ராவனும் ப்ரூஸ் ஹார்ப்பரும் 2007-இல் கொண்டுவந்த ஆட்டத்தில், கொத்தளமும் குதிரையும் சேர்ந்த காய்க்கு 'யானை' என்று பெயர். அதற்கு யானை உருவமே செய்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அந்தப் பலகையைக் கொடுத்து "யானையை எடு" என்று சொல்லிப் பாருங்கள், கை மூலைக்குத்தான் போகும். நீங்கள் தமிழ் ஆட்டக்காரர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் விலங்கு யானை உருவத்தை எந்தப் புதுக் காய்க்கும் வைக்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது காய், மந்திரி-குதிரை, இதைவிட வேடிக்கை. இத்தாலியில் 1617-இல் பியெத்ரோ கரேரா அதைச் 'சென்டார்' என்றார், அதாவது பாதி மனிதன் பாதி குதிரை. 1874-இல் ஹென்றி பேர்ட் 'எக்வெரி' என்றார், அரச லாயத்து அதிகாரி. உலகச் சாம்பியன் கபாப்ளாங்கா 1920-களில் முன்வைத்த பெரிய பலகை ஆட்டத்தில் அது 'ஆர்ச்பிஷப்'. கிறிஸ்டியன் ஃப்ரீலிங்கின் 1984-ஆம் ஆண்டு கிராண்ட் செஸ்ஸில் 'கார்டினல்'. செய்ராவனிடம் 'பருந்து'. சதுரங்கப் புதிர் அமைப்பவர்களிடம் 'இளவரசி'. ஆறு பெயரும் ஒரே நகர்வுக்கு. நீங்கள் அழகாக ஒரு பருந்து வரைந்து வைத்தால் அது ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் உதவும். குதிரைத் தலைக்குப் பிளந்த தொப்பி மாட்டிவிட்டால் ஆறு ஆட்டத்துக்கும் உதவும்.

மறுபக்கமும் உண்டு. பெயர் ஒன்று, நகர்வு பல. ஒட்டகச்சிவிங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தைமூரின் பெயரால் வழங்கும் பெரிய சதுரங்கத்தில் அது மூலைவிட்டமாக ஒரு கட்டம் போய், அங்கிருந்து நேராக மூன்று கட்டமாவது ஓடும். வழியில் ஏதாவது நின்றால் போக முடியாது. புதிர்க்காரர்களின் ஒட்டகச்சிவிங்கி 1-4 தாவல் (ஒரு கட்டம், அதற்குக் குறுக்கே நான்கு கட்டம்), தடையைத் தாண்டிவிடும். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் ஆட்டக்காரர் மதோகா கிதாவோ 2008-இல் குழந்தைகளுக்காக உருவாக்கிய தோபுத்சு ஷோகியில் அதே ஒட்டகச்சிவிங்கி நேராக ஒரே ஒரு கட்டம் நகரும், அவ்வளவுதான். யூனிகார்னும் அப்படித்தான். 1283-இல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவுக்காக ஸ்பெயினில் தொகுத்த விளையாட்டு நூலின் 12-க்கு 12 பலகையில் ஒரு யூனிகார்ன் இருக்கிறது. ஃபெர்டினாண்ட் மாக் 1907-இல் செய்த முப்பரிமாணச் சதுரங்கத்தில் கனசதுரத்தின் மூலைக்கு மூலை பாயும் இன்னொரு யூனிகார்ன் இருக்கிறது. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது.

ஆகவே என் ஃபோல்டர்களுக்கு இப்போது எண்ணால்தான் பெயர். தாவும் காய்களுக்கு இது மிக எளிது. குதிரை 1-2. உங்கள் ஒட்டகம் 1-3. புதிர்க்காரர்களின் ஒட்டகச்சிவிங்கி 1-4. வரிக்குதிரை 2-3. நேராக ஒரு கட்டம் மட்டும் நகரும் வசீர் 0-1, மூலைவிட்டமாக ஒரு கட்டம் நகரும் ஃபெர்ஸ் 1-1, நேராக இரண்டு தாவும் தபாபா 0-2, பழைய யானை அல்-ஃபில் 2-2. ஓடும் காய்களுக்குத் திசையைச் சேர்த்துக்கொள்வேன். இதைவிட முழுமையான முறை வேண்டுமென்றால் ரால்ஃப் பெட்சா உருவாக்கிய எழுத்துக் குறியீடு இருக்கிறது. ஒவ்வொரு அடிப்படை நகர்வுக்கும் ஓர் எழுத்து, கூட்டுக் காய்க்கு எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். வேரியன்ட் ஆட்களுக்கு இது பழக்கமான மொழி, ஃபைல் பெயராக வைத்தால் யாரும் புரிந்துகொள்வார்கள்.

சரி, எங்கே கிடைக்கும் என்பதற்கு வருகிறேன்.

முதலில் எல்லாரும் ஓடுவது யூனிகோட் பக்கம். வழக்கமான பன்னிரண்டு காய்களும் அதில் தொடக்க காலத்திலிருந்தே இருக்கின்றன. 2018-இல் சீனச் சதுரங்கக் காய்கள் சேர்ந்தன. 2019-இல் யூனிகோட் 12 வந்தபோது ஃபேரி காய்களுக்கென்று, அதாவது வழக்கமான ஆட்டத்தில் இல்லாத காய்களுக்கென்று, ஒரு தொகுதியே வந்தது. பக்கவாட்டில் சாய்ந்த காய்கள், தலைகீழ்க் காய்கள், பாதி வெள்ளை பாதி கறுப்பான நடுநிலைக் காய்கள், கூடவே குதிரை-ராணி, குதிரை-யானை, குதிரை-மந்திரி என்ற மூன்று கூட்டுக் காய்களும் உண்டு. உங்கள் முதல் இரண்டு காய்க்கும் இங்கே இடம் இருக்கிறது. ஆனால் அதை நம்பி ஆட்டம் வெளியிடாதீர்கள். அந்த எழுத்துகள் இருக்கும் எழுத்துருக்கள் குறைவு, இல்லாத போனில் வெறும் பெட்டிதான் தெரியும். இன்னொரு வம்பும் உண்டு. கறுப்புச் சிப்பாய் மட்டும் 2018-இல் இமோஜி ஆகிவிட்டது. அதனால் சில போன்களில் மற்ற பதினொரு காயும் கோட்டுருவமாக நிற்கும், கறுப்புச் சிப்பாய் மட்டும் பளபளவென்று பொம்மையாக நிற்கும். எழுத்துக்குப் பின்னால் பதினைந்தாம் எண் வேரியேஷன் செலக்டரை ('இமோஜியாக வேண்டாம், எழுத்தாகவே காட்டு' என்று சொல்லும் மறைகுறி) சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். எழுதிய குறிப்பில் காட்ட யூனிகோட் போதும், பலகைக்குப் படம்தான் வேண்டும்.

படம் என்றால், விக்கிப்பீடியாவின் சதுரங்கக் கட்டுரைகளிலும் லிச்செஸ் என்ற இணைய ஆட்டத் தளத்திலும் பார்த்திருப்பீர்களே, சிபர்னெட் என்று அழைக்கப்படும் தொகுப்பு, அதிலிருந்து தொடங்குவது நல்லது. எஸ்விஜி வடிவில், 45-க்கு 45 அலகு சதுரத்தில் வரைந்தவை. கோடுகளின் தடிமன் பெரும்பாலும் 1.5 அலகு, முனைகள் மழுங்கலாக இருக்கும். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் நீங்கள் புதிதாக வரைவது பழையதோடு ஒட்டிவிடும். அதே பாணியில் வேறு சிலர் வரைந்த ஃபேரி காய்களும் விக்கிமீடியா காமன்ஸில் கிடக்கின்றன. தரம் ஒன்றுபோல் இருக்காது. அடுத்தது, வேரியன்ட் ஆட்டக்காரர்களிடையே பல வருடமாகப் புழங்கும் ஆல்ஃபேரி தொகுப்பு. செஸ் ஆல்ஃபா என்ற எழுத்துருவின் பாணியை அடியொற்றி விலங்கு, பறவை, வண்டி, கூட்டுக் காய் என்று ஏராளமாகச் சேர்ந்திருக்கிறது. எக்ஸ்போர்டு என்ற கட்டற்ற மென்பொருளோடும் ஃபேரி காய்ப் படங்கள் வருகின்றன. கேம்-ஐகான்ஸ் தொகுப்பிலிருந்து விலங்கு உருவங்களை எடுப்பவர்களும் உண்டு. தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்டான்டன் பாணி என்னும் வழக்கமான போட்டிக் காய்களுக்கு நடுவே வைத்தால் கல்யாண வரிசையில் விளையாட்டு உடையில் நிற்கும் ஆள் மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். நான் அவற்றை மாதிரிக்கு மட்டும் பார்ப்பேன், அப்படியே போடமாட்டேன்.

அச்சு உலகத்தில் ஒரு பழைய தந்திரம் இருந்தது: தலைகீழாகத் திருப்புவது. ஆங்கிலேயப் புதிர் அமைப்பாளர் டி. ஆர். டாசன் 1913-இல் வெட்டுக்கிளியைக் கொண்டுவந்தார். ராணி போகும் எட்டுத் திசையிலும் போகும், ஆனால் வழியில் ஒரு காய் நிற்க வேண்டும், அதைத் தாண்டி ஒட்டிய அடுத்த கட்டத்தில் குதிக்கும். அதற்காக அச்சகம் புது அச்சு வார்க்குமா? இருக்கிற ராணி அச்சைத் தலைகீழாகக் கோர்த்துவிட்டார்கள். 1925-இல் அவரே கொண்டுவந்த நைட்ரைடர், அதாவது குதிரைத் தாவலை ஒரே திசையில் தொடர்ந்து போட்டுக்கொண்டே போகும் காய், தலைகீழ்க் குதிரை ஆயிற்று. புதிர் உலகில் இன்றும் இதுதான் வழக்கம். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 'ராணியோடு உறவு, ஆனால் ராணி இல்லை' என்று ஒரே திருப்பில் சொல்லிவிடுகிறது.

ஆனாலும் விளையாடும் பலகைக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஷோகி ஆடியவர்களுக்குக் காய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் அது யாருடையது என்பதற்கு அடையாளம். அங்கே இரண்டு தரப்புக்கும் ஒரே நிறக் காய். நேரில் ஆடுபவர்களுக்கோ, ராணி கிடைக்காத அவசரத்தில் கவிழ்த்து வைத்த கொத்தளம் நினைவுக்கு வரும். (போட்டிகளில் அப்படி வைத்தால் நடுவர் அதைக் கொத்தளம் என்றுதான் கணக்கில் எடுப்பார், ஞாபகம் இருக்கட்டும்.) தவிர, சின்னத் திரையில் தலைகீழ் ராணி ஒரு பூந்தொட்டி மாதிரி இருக்கும்.

கூட்டுக் காய் இரண்டுக்கும் என் முறை இது: தாவலை மேலே வை, ஓட்டத்தைக் கீழே வை. குதிரைத் தலை மேலே. அதன் கழுத்துக்குக் கீழே, யானை-குதிரைக்குக் கொத்தளப் பல்வரிசையோடு தடித்த அடித்தளம். மந்திரி-குதிரைக்கு இதே முறை அவ்வளவு சுலபமாக வராது, ஏனென்றால் மந்திரியின் அடையாளம் முழுவதும் தலையில்தான் இருக்கிறது, கீழே எல்லாக் காயும் ஒன்றுதான். இரண்டு வழி உண்டு. குதிரைத் தலையில் பிளந்த தொப்பியைச் சாய்த்து வைக்கலாம், அல்லது மந்திரியின் தொப்பி உருவத்தையே முழுதாக வைத்து அதன் ஒரு பக்கத்திலிருந்து குதிரை மூஞ்சியை நீட்டலாம். நான் இரண்டையும் வரைந்து பார்த்தேன். முதலாவதில் காது எது, தொப்பி எது என்று தெரியவில்லை. அக்கா மகளிடம் காட்டினேன். "ஆடு" என்றாள். இரண்டாவதைத்தான் வைத்துக்கொண்டேன், காதைச் சுத்தமாக எடுத்துவிட்டேன்.

குதிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாதனியேல் குக் 1849-இல் பதிவு செய்த ஸ்டான்டன் வடிவத்தில் எல்லாக் காயும் கடைசலில் சுற்றிச் செய்யக்கூடியது, தலை செதுக்க வேண்டியது குதிரைக்கு மட்டும்தான். தொகுப்பிலேயே முகம் உள்ள ஒரே ஆள் அது. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி சட்டை கட்டிக் கும்பிட்டு நின்ற 'தம்பி'யும் குதிரைதான், வேறு எந்தக் காய்க்கு வேட்டி கட்ட முடியும்? வேரியன்ட் செய்பவர்கள் இந்த ஒற்றை முகத்தின் சிறப்பைக் கெடுத்துவிடுகிறார்கள். ஒட்டகம், வரிக்குதிரை, யூனிகார்ன், ஒட்டகச்சிவிங்கி, நைட்ரைடர் எல்லாமே இடப்பக்கம் பார்க்கும் நாலுகால் பிராணியின் தலை. முப்பது பிக்சலில் எல்லாம் ஒரே மந்தை.

பிக்சல் கணக்கையும் போட்டுவிடுவோம். சாதாரண போனில் பலகைக்கு 360 பிக்சல் அகலம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வரிசைக்குக் கட்டம் 45 பிக்சல். உங்கள் பத்து வரிசைக்கு 36. பன்னிரண்டு என்றால் 30. ஜப்பானின் தைக்யோகு ஷோகியில் 36-க்கு 36 பலகை, ஒரு பக்கத்துக்கு 402 காய், 209 வகை. அதைப் போனில் போட்டால் கட்டத்துக்கு 10 பிக்சல். அதற்கு ஐகான் வரைவதாக யாராவது சொன்னால் மரியாதையாக விலகிவிடுங்கள்.

36 பிக்சலில் என்ன நிற்கும், என்ன நிற்காது? விளிம்பு நிற்கும், உள்ளே இருக்கும் அலங்காரம் நிற்காது. யூனிகார்னின் கொம்பு ஒரு பிக்சல் கோடாகிக் காணாமல் போகும். வரிக்குதிரையின் கோடுகள் இன்னும் மோசம். வெள்ளை வரிக்குதிரைக்குக் கறுப்புக் கோடு, கறுப்பு வரிக்குதிரைக்கு வெள்ளைக் கோடு என்று போட்டால், தூரத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம், எந்தக் காய் யாருடையது என்றே தெரியாது. நான் கோட்டை விட்டுவிட்டு, கத்தரித்த மாதிரி நிமிர்ந்து நிற்கும் பிடரிமயிரை மட்டும் ரம்பப் பல்லாக வரைகிறேன். ஒட்டகத்துக்குத் தலையை மறந்துவிடுங்கள். திமிலோடு முழு உடம்பையும் பக்கவாட்டில் போடுங்கள். கழுத்து வளைவு, திமில், மெலிந்த கால்கள், இந்த விளிம்பு வேறு எந்தக் காய்க்கும் வராது.

வெட்டுக்கிளிக்கும் இதே விதிதான், ஆனால் பூச்சியின் ஆறு காலையும் உணர்கொம்பையும் வரையப் போகாதீர்கள். மடிந்து உயர்ந்து நிற்கும் பின்னங்கால் முட்டி ஒன்றே போதும், உடம்புக்கு மேலே ஒரு கூர்மையான தலைகீழ் 'வி'. அந்தக் கோணமே 'தாண்டிக் குதிக்கும்' என்றும் சொல்லிவிடுகிறது. உச்சியில் ராணியின் கிரீடத்தை வைக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். கிரீடமும் சிலுவையும் அரசக் காய்களுக்கு மட்டும் இருக்கட்டும். ராஜா மாதிரியே நகர்ந்தாலும் வெட்டுப்பட்டால் ஆட்டம் முடியாத காய் சில ஆட்டங்களில் உண்டு. அதற்கு ராஜாவின் உருவத்தில் சிலுவையை எடுத்துவிட்டால் போதும், பார்ப்பவருக்குப் புரியும். கண்ட காய்க்கெல்லாம் கிரீடம் வைத்திருந்தால் இந்த வசதி போய்விடும்.

கறுப்புக் காய் செய்வதில் புதியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள். வெள்ளைக் காயின் நிறத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே புரட்டினால் கறுப்புக் காய் வராது, நெகட்டிவ்தான் வரும். வெள்ளைக் காய் என்பது கறுப்பு விளிம்புக்குள் வெள்ளை. கறுப்புக் காய்க்கும் விளிம்பு கறுப்பேதான், உள்ளேயும் கறுப்பு, அதற்குள் கண், தாடை, தொப்பிப் பிளவு ஆகிய சில இடங்களில் மட்டும் மெல்லிய வெளிர்கோடு. அந்தக் கோடுகளை வெள்ளைக் காயில் இருப்பதைவிடக் குறைத்து, கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள். அப்புறம் கரும்பச்சை, பழுப்பு, சாம்பல் என மூன்று பலகை நிறங்களில் வைத்துப் பாருங்கள். அடர்நிறக் கட்டத்தில் கறுப்புக் காய் கரைந்தால் விளிம்புக்கு வெளியே ஒரு மெல்லிய வெளிர்க்கோடு ஓட்டலாம். பழைய அச்சுப் படங்களில் கோடு போட்ட கறுப்புக் கட்டத்தில் காயைச் சுற்றி வெள்ளை இடைவெளி விட்டது இதற்குத்தான்.

அடிக்கோடு எல்லாக் காய்க்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். விலங்கு உருவத்துக்கும் ஸ்டான்டன் பீடத்தை வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டகம் பலகையில் அந்தரத்தில் மிதக்கும். மென்பொருள் இங்க்ஸ்கேப் போதும், காசு கிடையாது.

உருவமே வேண்டாம், நகர்வையே எழுதிவிடலாம் என்ற வழியும் உண்டு. மேலே சொன்ன தோபுத்சு ஷோகியில் விலங்குப் படத்தைச் சுற்றி, அது போகக்கூடிய திசையில் எல்லாம் ஒரு புள்ளி இருக்கும். எழுத்துத் தெரியாத குழந்தையும் ஆடிவிடும். ஒரு கட்டம் நகரும் காய்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஓடும் காய்க்குப் புள்ளிக்குப் பதில் கோடு வைக்கலாம். ஆனால் 1-3 தாவலைப் புள்ளியால் காட்ட ஏழுக்கு ஏழு கட்டம் வேண்டும், 36 பிக்சலில் அதற்கு இடமில்லை. உங்கள் ஆட்டத்துக்கு இதைக் காய்மேல் வைக்காமல், காயைத் தொட்டதும் போகக்கூடிய கட்டங்கள் ஒளிரும்படி செய்தால் போதும்.

எழுத்துக் குறி பற்றியும் நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். நிலையைப் பதிவு செய்யும் ஃபென் முறையில் வெள்ளைக் காய்க்குப் பெரிய எழுத்து, கறுப்புக்குச் சிறிய எழுத்து. தமிழில் அந்த வேறுபாடே கிடையாது என்பதால் 'யா', 'கு', 'ம' என்று வைத்துத் தமிழ் ஃபென் செய்ய முடியாது. நான் ஒரு தடவை முயன்று, கறுப்புக் காய்களுக்கெல்லாம் நெடில் என்று வைத்துப் பார்த்தேன். யானை ஏற்கெனவே நெடில், அங்கேயே முடிந்தது. உள்ளே ஆங்கில எழுத்தையே வைத்துக்கொண்டு, பார்ப்பவருக்கு மட்டும் தமிழ்ப் பெயர் காட்டுங்கள். ஃபைல் பெயருக்கும் நிறத்துக்கு ஓர் எழுத்து, காய்க்கு ஓர் எழுத்து என்ற லிச்செஸ் வழக்கத்தையே பின்பற்றினால் மற்ற மென்பொருள்களில் போட்டுப் பார்க்க வசதி.

உரிமம். இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் கண்ணில் பட்ட ஐகானை எல்லாம் இறக்கிவைத்தேன், எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதிவைக்கவில்லை. பிறகு ஓர் ஆட்டத்தை வெளியிடலாம் என்று உட்கார்ந்தபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட படத்தில் யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது நாற்பதுகூட இல்லை. மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டேன். இப்போது ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சாதாரண உரைக் கோப்பு இருக்கும். வரைந்தவர், எடுத்த இடம், எடுத்த தேதி, உரிமம், நான் செய்த மாற்றம், இவ்வளவுதான் அதில். சிபர்னெட் தொகுப்பைப் பல உரிமங்களில் கொடுத்திருக்கிறார்கள். ஜிபிஎல், பிஎஸ்டி, கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ ஆகியவற்றில் உங்களுக்குத் தோதானதைத் தேர்ந்துகொள்ளலாம். கேம்-ஐகான்ஸ் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 3.0, வரைந்தவர் பெயரைப் போட்டால் சரி. பழைய செஸ் எழுத்துருக்களில் சில 'சொந்த உபயோகத்துக்கு இலவசம்' என்று மட்டும் சொல்லும். அதன் உருவத்தை வெட்டி எடுத்து ஆப்பில் போடுவது சொந்த உபயோகம் ஆகாது. முக்கியமானது: பை-எஸ்ஏ படம் ஒன்றிலிருந்து குதிரைத் தலையை எடுத்து உங்கள் கொத்தளத்தில் பொருத்தினால், பிறக்கும் கூட்டுக் காயும் அதே உரிமத்தில்தான் போக வேண்டும். கூட்டுக் காய்களில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிஎஸ்டி வழியை எடுத்தால் இந்தக் கட்டு இல்லை.

சோதிப்பதற்கு ஒரு எளிய வழி. எல்லாக் காயையும் முழுக் கறுப்பு நிழலாக்கி, 36 பிக்சலில் ஒரு தாளில் கலைத்து அச்சடியுங்கள். செஸ் தெரிந்த, ஆனால் உங்கள் ஆட்டம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். பெயரைக் கேட்காதீர்கள். "இது எப்படிப் போகும் என்று நினைக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். யானை-குதிரையைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஒட்டகத்தைச் சொல்ல முடியாது, அதை யாராலும் ஊகிக்க முடியாது. ஆனால் அதை வேறு காயாக நினைக்காமல் "தெரியவில்லை" என்று சொன்னாலே அந்த ஐகான் தேறிவிட்டது.

உங்கள் ஆட்டத்துக்கு நான் செய்வதாக இருந்தால், வழக்கமான ஆறு காயும் சிபர்னெட்டிலிருந்து, கூட்டுக் காய் இரண்டும் அதே தொகுப்பின் துண்டுகளை ஒட்டி, ஒட்டகமும் வெட்டுக்கிளியும் 45 அலகுச் சதுரத்தில் கையால் வரைந்து என்று போவேன். இரண்டு வார இறுதி போதும். ஒட்டகம் 1-3 தானா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். அதுதான் என்றால் அது வாழ்நாள் முழுக்க ஒரே நிறக் கட்டத்தில்தான் நிற்கும். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒட்டகம் என்றால் அது தொடங்கும் கட்டத்தின் நிறத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். ஒற்றைத் திமிலில் ஒன்றும் இரட்டைத் திமிலில் ஒன்றும் என்னிடம் வரைந்து வைத்தது இருக்கிறது, இரட்டைத் திமில் ராணியின் கிரீடம் மாதிரி தெரிகிறது என்று ஒருவர் சொன்னதிலிருந்து ஒற்றையைத்தான் கொடுக்கிறேன்.